அரிக்கும் கரைசல்களின் கசிவு: அவசரகாலச் செயல்முறை

அரிக்கும் கரைசல் என்பது தோல், கண் போன்ற உயிருள்ள திசுக்களையும் உலோகங்களையும் வேதிவினையால் சிதைக்கும் திரவம் ஆகும். கந்தக அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் ஆகியவை அமில வகை. எரிசோடா (சோடியம் ஐதராக்சைடு), அம்மோனியாக் கரைசல் ஆகியவை கார வகை. இவை கொட்டினாலோ கசிந்தாலோ உயிரையும் உடமையையும் காக்க எடுக்கும் நடவடிக்கைகளே அவசரகாலச் செயல்முறை எனப்படுகின்றன. இதில் மிகுதியாகக் குழப்பம் தருவது தண்ணீர். உடலில் பட்ட அமிலத்திற்குத் தண்ணீரே முதல் மருந்து. தரையில் தேங்கிக் கிடக்கும் அடர் அமிலத்தின் மீது அதே தண்ணீரைச் சிறிதளவு ஊற்றுவது ஆபத்து. இந்த வேறுபாட்டை அறியாமல் உதவச் செல்பவரே காயமடையக்கூடும்.

தீங்கு விளைவிக்கும் முறை

அமிலங்கள் தோலின் புரதங்களை உறையச் செய்கின்றன. உறைந்த அடுக்கு ஓரளவு தடுப்பாக நின்று, அமிலம் மேலும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். காரங்கள் கொழுப்பையும் புரதத்தையும் கரைப்பதால் அத்தகைய தடுப்பு உருவாவதில்லை. வலி குறைவாக இருந்தாலும் அவை ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே கண்ணில் அமிலம் படுவதைவிடக் காரம் படுவது பொதுவாகக் கொடியது.

அடர் கந்தக அமிலம் நீருடன் கலக்கும்போது பெருமளவு வெப்பம் வெளிப்படுகிறது. அமிலத்தின் மீது சிறிது நீர் விழுந்தால் அந்த நீர் கொதித்து, அமிலத் துளிகளைச் சுற்றிலும் தெறிக்கச் செய்யும். ஆய்வகங்களில் "அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே" என்று கற்பிப்பது இதனால்தான்.

நகர்ப்புறத்தில் இவை இருக்கும் இடங்கள்

கசிவு என்றதும் பெரிய தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆற்காடு சாலையும் நூறடி சாலையும் சந்திக்கும் வடபழனி போன்ற நெருக்கமான நகர்ப் பகுதியிலும் அரிக்கும் கரைசல்கள் அன்றாடம் புழங்குகின்றன. வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். கழிவறை கழுவப் பயன்படும் "ஆசிட்" பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம். நகைப் பட்டறைகளில் நைட்ரிக் அமிலமும், அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கும் தூளில் எரிசோடாவும் உள்ளன. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இவை அனைத்தும் இருக்கும். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தின் அடையாளமான திரைத்தொழிலும் படச்சுருள் காலத்தில் விலக்காக இருக்கவில்லை. வண்ணப் படச்சுருளைப் பதனிடும் முறையில் உருத்துலக்கலை நிறுத்த நீர்த்த கந்தக அமிலம் பயன்படுகிறது.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் பயன்படுத்துவது வீடுகளில் நிகழக்கூடிய பெரும் தவறு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்தால் கழுவ முயலாமல் உடனே வெளியேறிக் கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

அடையாளம் காணுதல்

சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்தால் உள்ளே இருப்பதை அருகில் சென்று முகர்ந்து பார்க்கக் கூடாது. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கூறுகின்றன. அரிக்கும் பொருள்கள் ஐ.நா. வகைப்பாட்டில் 8-ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. இரு குழாய்களிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரிப்பதாக வரையப்பட்ட சாய்சதுரமே இதன் சின்னம். அதன் கீழ்ப்பாதி கறுப்பாக இருக்கும்.

பலகையில் உள்ள நான்கு இலக்க ஐ.நா. எண் பொருளைத் துல்லியமாகச் சொல்லும். 1830 என்றால் கந்தக அமிலம், 1789 என்றால் ஐதரோகுளோரிக் அமிலம், 1824 என்றால் எரிசோடாக் கரைசல், 2031 என்றால் நைட்ரிக் அமிலம். பாதுகாப்பான தொலைவிலிருந்து இந்த எண்ணைப் படித்துத் தீயணைப்புத் துறைக்குச் சொல்வதே பொதுமக்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஓட்டுநர் அறையில் வைத்திருக்க வேண்டிய அவசரத் தகவல் அட்டையிலும் (டிரெம் கார்டு) செய்ய வேண்டியவை எழுதப்பட்டிருக்கும்.

முதல் நிமிடங்கள்

1. கசிவிலிருந்து விலகிக் காற்று வரும் திசையில் மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். புகையும் திரவமும் தம்மை நோக்கி வராத இடமே பாதுகாப்பானது.
2. மற்றவர்களை நெருங்க விடக் கூடாது. வேடிக்கை பார்ப்பதும் படம் எடுப்பதும் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையைக் கூட்டும்.
3. 112 அல்லது 101 எண்ணில் தீயணைப்புத் துறையையும், 108 எண்ணில் ஆம்புலன்சையும் அழைத்து, இடம், ஐ.நா. எண், காயமடைந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூற வேண்டும்.
4. தகுந்த கையுறை, கண்ணாடி, காலணி இல்லாதவர் திரவத்தை மிதிக்கவோ தொடவோ கூடாது.

உடலில் பட்டால்

ஓடும் சுத்தமான நீரில் உடனே கழுவத் தொடங்க வேண்டும். தோலைக் குறைந்தது 20 நிமிடங்கள் இடைவிடாமல் கழுவ வேண்டும். கழுவும்போதே நனைந்த உடை, நகை, கைக்கடிகாரம், காலணி ஆகியவற்றை அகற்ற வேண்டும். அவற்றில் தங்கிய திரவம் தொடர்ந்து அரிக்கும். கண்ணில் பட்டால் இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நீர் ஓடுமாறு கழுவ வேண்டும். அப்போதுதான் மற்றக் கண்ணுக்குத் திரவம் செல்லாது. ஆய்வகங்களில் கண் கழுவும் குழாயை 10 வினாடிகளில் எட்டக்கூடிய தொலைவில் அமைக்க வேண்டும் என்பது பன்னாட்டு நடைமுறை.

அமிலம் பட்ட தோலில் சமையல் சோடாவையோ, காரம் பட்ட தோலில் எலுமிச்சைச் சாற்றையோ தேய்க்கக் கூடாது. நடுநிலையாக்கல் வெப்பம் தரும் வினை. அது புண்ணின் மேல் இன்னொரு தீப்புண்ணை உண்டாக்கும். பற்பசை, மஞ்சள், எண்ணெய் ஆகியவையும் வேண்டாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது உணவுக்குழாயை எரித்த திரவம் ஏறும்போது மீண்டும் எரிக்கும்.

இரண்டு பொருள்களுக்குத் தனிக் கவனம் தேவை. சுட்ட சுண்ணாம்புத் தூள் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி அகற்றிவிட்டுப் பின்னர் நிறைய நீரால் கழுவ வேண்டும். ஐதரோபுளோரிக் அமிலம் சிறிதளவு பட்டாலும் இரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்து இதயத்தைப் பாதிக்கலாம். நீரால் கழுவியபின் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் உடனடி மருத்துவமும் தேவை.

தரையில் கிடப்பதைக் கையாளுதல்

தரையில் பரவிய திரவத்தைப் பயிற்சி பெற்றவர்கள் நிறுத்துதல், தடுத்தல், நடுநிலையாக்கல், அகற்றல் என்ற வரிசையில் கையாள்கின்றனர். கலனை நிமிர்த்தி அல்லது வால்வை மூடிக் கசிவை நிறுத்துவது முதற்பணி. அடுத்து, உலர்ந்த மணல் அல்லது மண்ணால் சுற்றிலும் கரை கட்டித் திரவம் பரவாமல் தடுக்க வேண்டும். மரத்தூளையும் பழந்துணியையும் பயன்படுத்தக் கூடாது. நைட்ரிக் அமிலம் பட்டால் அவை தீப்பற்றக்கூடும்.

அமிலத்தை நடுநிலையாக்கச் சலவைச் சோடா, சமையல் சோடா அல்லது நீற்றிய சுண்ணாம்பை ஓரத்திலிருந்து மையம் நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். ஒரு லிட்டர் அடர் கந்தக அமிலம் ஏறத்தாழ 1.84 கிலோ எடையுள்ளது. அதை நடுநிலையாக்கச் சுமார் 2 கிலோ சலவைச் சோடா அல்லது 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சமையல் சோடா தேவை. ஒரு கைப்பிடி போதும் என்று எண்ணுவது தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கழிவை நெகிழிக் கலனில் சேகரிக்க வேண்டும். இரும்பு வாளியில் அமிலம் பட்டால் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிப்படும்.

தீயணைப்பு வீரர்கள் நீரைத் தெளிப்பதைக் கண்டு, மேலே சொன்னதற்கு இது முரண் என்று கருத வேண்டியதில்லை. அவர்கள் தொலைவிலிருந்து நுண்ணிய தூவலாக நீரைப் பாய்ச்சிக் காற்றிலுள்ள புகையை அடக்குகின்றனர். திரவத்தின் மீது நீரைக் கொட்டுவது வேறு.

வடிகால் வழியே தள்ளிவிடுவது தீர்வாகாது. சாக்கடையிலுள்ள சல்பைடுகளுடன் அமிலம் வினைபுரிந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். கீழே எங்கோ இறங்கி வேலை செய்யும் தொழிலாளியை அது கொல்லலாம். மழைநீர் வடிகாலில் விட்டால், விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் போன்ற நீர்வழிகள் மூலம் கூவத்தைச் சென்றடையும்.

நிகழ்வுகள்

தூத்துக்குடி, 2018: ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை நிரந்தரமாக மூடத் தமிழ்நாடு அரசு 2018 மே 28 அன்று ஆணையிட்டது. ஆலைக்குள் பெருமளவு கந்தக அமிலம் சேமிப்பில் இருந்தது. அடுத்த மாதமே அமிலச் சேமிப்புக் கலன் பகுதியில் கசிவு கண்டறியப்பட்டது. மாவட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் அமிலம் டேங்கர் லாரிகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டது. இயங்காத ஆலை தானாகவே பாதுகாப்பான ஆலை ஆகிவிடாது என்பது இந்நிகழ்வின் பாடம். பூட்டிய பின்னும் வால்வுகளையும் குழாய்களையும் யாரேனும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்ணூர், 2023: டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்பு மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா வாயு கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து அங்கேயே காரக் கரைசலாக மாறுகிறது. அது நீரில் எளிதில் கரைவதால், வெளியேறும்போது ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு பயன் தரும்.

டெல்லி, 1985: டிசம்பர் 4 அன்று ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் (புகையும் கந்தக அமிலம்) வெளியேறியது. இது தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்கு விலக்கின்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

சட்ட ஏற்பாடுகள்

1989-ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகளின்படி, ஆலைக்குள் செயல்படும் அவசரத் திட்டத்தை ஆலை நிர்வாகமும், ஆலைக்கு வெளியே செயல்படும் திட்டத்தை மாவட்ட அதிகாரிகளும் வகுக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின. அமிலம் விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் அடையாளத்தையும் நோக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. ஆய்வகம் வைத்துள்ள கல்வி நிறுவனங்களும் அமிலப் பயன்பாட்டுப் பதிவேட்டைப் பேண வேண்டும்.

முன்னேற்பாடு

ஆய்வகத்திலோ பட்டறையிலோ இருக்க வேண்டியவை எளியவை: ஒரு வாளி உலர்ந்த மணல், சில கிலோ சலவைச் சோடா, ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, தடையின்றி வரும் குழாய் நீர். அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது. அமிலத்தையும் காரத்தையும் ஒரே தட்டில் அடுக்கக் கூடாது. கண் மட்டத்திற்கு மேல் எதையும் வைக்கக் கூடாது. குழாயில் நீர் வருகிறதா என்று வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது இவற்றுள் மிக எளிது. கண்ணில் அமிலம் பட்டவருக்கு அந்தக் குழாயே பார்வையைக் காக்கும்.