ஒரு டேபிள் கெட்டால் மொத்த கணக்கையும் அழிக்கணுமா? அவசரப்படாதீங்க!

மளிகைக்கடை, மருந்துக்கடை, லாரி ஆபீஸ் என எங்கு பார்த்தாலும் பில் போட கம்ப்யூட்டர்தான். சரக்கு, பில், கடன் பாக்கி எல்லாம் அதற்குள் தனித்தனி 'டேபிள்'களாக இருக்கும். அவை சேர்ந்ததுதான் டேட்டாபேஸ்.

கரண்ட் பட்டென்று போனாலோ, ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணினாலோ ஒரு டேபிள் மட்டும் கெட்டுப்போகலாம். பார்க்க வருபவர் "மொத்தமா அழிச்சிட்டு புதுசா போட்டுடலாம்" என்பார். அவருக்கு வேலை சுலபம். கடைக்காரருக்கோ பல வருட பாக்கி கணக்கு அம்போ!

பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல்லில் இதற்கு வழி இருக்கு. (1995-ல் வந்தது. 'மை' என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர்.)

முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா போல்டரை அப்படியே வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்கணும். இதை செய்யாமல் யாரையும் கை வைக்க விடாதீங்க.

டேபிள் பழைய 'மைஐசாம்' ரகம் என்றால் 'ரிப்பேர் டேபிள்' கட்டளையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். 'இன்னோடிபி' ரகத்துக்கு அது பலிக்காது. அதற்கு செட்டிங் பைலில் 'இன்னோடிபி போர்ஸ் ரெக்கவரி' என்பதை 1 என போட்டு சர்வரை ஓட விடணும். எழுந்திருக்கவில்லையா? 2, பிறகு 3. அந்த நேரத்தில் புது பில் எதுவும் ஏறாது, பயப்பட வேண்டாம்.

நல்ல டேபிள்களை எல்லாம் 'டம்ப்' எடுத்து வைத்துவிட்டு, கெட்ட டேபிளில் படிக்க முடிகிற வரிகளையும் பில் நம்பர் வாரியாக கொஞ்சம் கொஞ்சமாக உருவணும். பாக்கி கணக்கு பிழைப்பது இந்த பொறுமையில்தான். அதன்பிறகு 'டிராப் டேபிள்' கட்டளையால் அந்த ஒன்றை மட்டும் தூக்கிவிட்டு, செட்டிங்கை பழையபடி மாற்றி, சர்வரை மறுபடி ஓட்டி, டேபிளை புதிதாக உருவாக்கி, எடுத்த வரிகளை ஏற்றலாம்.

சிலர் டேபிளின் பைலை மட்டும் கையால் டெலிட் செய்வார்கள். அது வம்பு. டேபிளின் பெயர் உள்ளே பதிவில் அப்படியே இருக்கும். அதே பெயரில் புது டேபிள் போட்டால் 'ஏற்கனவே இருக்கு' என்று அடம்பிடிக்கும்.

4 முதல் 6 வரை போனால் நல்ல டேட்டாவும் நிரந்தரமாக கெடும் ஆபத்து உண்டு. புது பதிப்புகளில் 4-ஐ தாண்டினால் டேபிளை தூக்கவும் முடியாது. 3-லும் சர்வர் எழவில்லை என்றால்தான் மொத்தமாக புதுசா போடும் பேச்சையே எடுக்கணும்.