ஒரே மாத்திரை, மூன்று பதில்கள்

பெண்ணுடல் அறிவோம் – 17

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2002 ஜூலையில் அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டதும், உலகம் முழுக்கப் பெண்கள் அந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டதும், பிறகு அந்தப் பயம் மெல்லத் தணிந்ததும் அதில் வந்தன. இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அறிவித்ததோடு முடித்திருந்தோம்.

அந்த அறிவிப்பு பொதுவான பெண்களை மனத்தில் வைத்து வந்தது. ஏற்கெனவே மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்து, சிகிச்சையை முடித்துவிட்ட பெண்ணின் கணக்கு வேறு. அவருக்கும் உடம்பு குப்பென்று கொதிக்கிறது. நள்ளிரவில் துணி நனைய வியர்க்கிறது. தூக்கம் கெடுகிறது. தாம்பத்தியம் வலியாக மாறுகிறது. இதை அவர் வெளியே சொன்னால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். “உயிர் பிழைச்சதே பெருசு, இதைப் பொறுத்துக்கக் கூடாதா?” என்பது ஒன்று. “எனக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, நீயும் வாங்கிப் போடு” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. புற்றுநோய் வந்த எல்லாப் பெண்களுக்கும் ஹார்மோன் ஆகாது என்பதும் சரியல்ல, எல்லோருக்கும் ஆகும் என்பதும் சரியல்ல. எந்த உறுப்பில் வந்தது, எந்த வகைக் கட்டி, உடம்பில் எவையெல்லாம் எடுக்கப்பட்டிருக்கின்றன, வயது என்ன என்பவைதான் பதிலைத் தீர்மானிக்கின்றன.

ஒரே நாளில் வரும் மெனோபாஸ்

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, மெல்லக் குறைந்துகொண்டே வரும். உடம்பு பழகிக்கொள்ள அவகாசம் இருக்கும்.

புற்றுநோய் சிகிச்சை அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் சில நாட்களிலேயே ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கீமோதெரபி மருந்துகள் சில, சினைப்பையின் முட்டைகளை அழித்துவிடும். இளவயதுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால், சினைப்பை வேலை செய்யாமலிருக்க ஊசி போடுவதும் உண்டு. 35, 38 வயதில் இந்த நிலைக்கு வரும் பெண்ணுக்கு உபாதை கடுமையாகவே இருக்கும். இது வெறும் வியர்வைப் பிரச்சினையும் அல்ல. 45 வயதுக்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனால் எலும்பு வேகமாகத் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். ஆகவே ஹார்மோன் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

முதல் பதில்: மார்பகம் என்றால் வேண்டாம்

மார்பகப் புற்றுநோயில் பெரும்பான்மை, ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கொண்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று இருக்கும். ஈஸ்ட்ரோஜன் அந்த ஏற்பியில் வந்து உட்கார்ந்தால் செல் பெருகத் தொடங்கும். தமொக்சிஃபென் மாத்திரை செய்வது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டைப் பிடித்து வைக்கும் வேலை. ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் உட்கார இடமிருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே அடக்கிவிடுகின்றன. இந்த மருந்துகளை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சாப்பிட வேண்டியிருக்கும். ஒரு கையால் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்துக்கொண்டே மறு கையால் அதையே கொடுப்பது முரண் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

ஆனால் மருத்துவத்தில் ஊகம் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். 1990களில் பல மருத்துவர்கள், சில ஆண்டுகள் மட்டும் கொடுத்தால் ஆபத்து வராது என்றே நம்பினார்கள். அதைச் சோதிக்க 1997இல் ஸ்வீடனில் ‘ஹேபிட்ஸ்’ என்ற ஆய்வு தொடங்கியது. மார்பகப் புற்றுநோய் வந்து குணமான பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹார்மோன் கொடுத்தார்கள். ஆபத்து தெரிந்ததால் 2003 டிசம்பரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2008இல் வந்த இறுதிக் கணக்குப்படி, ஹார்மோன் எடுத்த 221 பேரில் 39 பேருக்கு மார்பகப் புற்றுநோய் மறுபடி வந்திருந்தது. எடுக்காத 221 பேரில் 17 பேருக்குத்தான் வந்திருந்தது.

அதே நாட்டில், அதே ஆண்டில் தொடங்கிய ஸ்டாக்ஹோம் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. 378 பெண்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தும் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் தென்படவில்லை. அந்த ஆய்வில் ஈஸ்ட்ரோஜனுடன் சேர்க்கப்படும் புரொஜெஸ்டோஜன் குறைவாகக் கொடுக்கப்பட்டது, தமொக்சிஃபென் சாப்பிட்டவர்களும் அதிகம் இருந்தார்கள். இவை காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இரண்டில் எதை நம்புவது என்ற விவாதத்தை முடித்து வைத்தது ‘லிபரேட்’ ஆய்வு. திபோலோன் என்ற செயற்கை ஹார்மோன், மார்பகத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 31 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். வியர்வை குறைந்தது, எலும்பும் வலுப்பெற்றது. ஆனால் புற்றுநோய் திரும்பியவர்கள், திபோலோன் எடுத்தவர்களில் 15.2 சதவீதம், எடுக்காதவர்களில் 10.7 சதவீதம். 2009இல் இந்த முடிவு வெளியானது.

இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒரே குரலில் பேசுகின்றன: மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு, உடல் முழுக்கப் பரவும் ஹார்மோன் மாத்திரையோ பட்டையோ வழக்கமான சிகிச்சை அல்ல. ‘ஈ.ஆர். நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதும் தானாக அனுமதி ஆகிவிடாது. பழைய கட்டி ஈஸ்ட்ரோஜனைச் சாராமல் இருந்திருக்கலாம், மறுபக்க மார்பகத்தில் புதிதாக வரும் கட்டி அப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? வேறு எதுவுமே பலன் தராமல் வாழ்க்கையே முடங்கிப்போன சிலருக்கு மட்டும், புற்றுநோய் மருத்துவரும் மெனோபாஸ் நிபுணரும் கூடிப் பேசி விதிவிலக்காக முடிவெடுப்பதுண்டு.

வேண்டாம் என்றால் வேறு என்ன?

‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடக் கூடாது. உபாதை தாங்காமல் பல பெண்கள் தமொக்சிஃபெனையே சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு தமொக்சிஃபென், ஈ.ஆர். பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோயால் வரும் மரணத்தை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அப்படியானால் வியர்வையையும் தூக்கமின்மையையும் சரிசெய்வது சொகுசு அல்ல, புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதி.

ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் வென்லஃபாக்சின், நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் கபாபென்டின் இரண்டும் உடல் கொதிப்பைக் கணிசமாகக் குறைக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. இதே காரணத்துக்காகக் கொடுக்கப்படும் பராக்சிட்டின், தமொக்சிஃபென் சாப்பிடுகிறவருக்கு ஆகாது. தமொக்சிஃபென் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழுவீச்சில் வேலை செய்கிறது. பராக்சிட்டின் அந்த நொதியை முடக்கிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,430 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, இரண்டையும் நீண்ட காலம் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் அதிகம் என்று காட்டியது.

புதிய வகை ஒன்றும் வந்திருக்கிறது. உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் சில நரம்பு செல்கள், ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகின்றன. அந்தத் தூண்டலை நேரடியாகத் தடுப்பவை ஃபெசோலினெடன்ட், எலின்சனெடன்ட். முதலாவது 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்ற கடும் எச்சரிக்கை அடுத்த ஆண்டே அதன்மேல் ஏறியது. எலின்சனெடன்ட் 2025இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தமொக்சிஃபென் போன்ற மருந்துகளைச் சாப்பிடும் பெண்களிடமே தனியாகச் சோதிக்கப்பட்டு அதில் பலன் கண்டது என்பது இதன் சிறப்பு.

பிறப்புறுப்பு வறட்சி, வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை பற்றிப் பெண்கள் கடைசிவரை வாய் திறப்பதில்லை. முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பதம் தரும் ஜெல். போதவில்லை என்றால், அந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். 2022இல் வந்த டென்மார்க் ஆய்வு 8,461 பெண்களைப் பின்தொடர்ந்தது. பொதுவாகக் கிரீமால் புற்றுநோய் திரும்புவது கூடவில்லை. லெட்ரோசோல் போன்ற மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்தியவர்களிடம் மட்டும் திரும்பி வருவது கூடியிருந்தது. ஆகவே எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கிரீமை வாங்கக் கூடாது.

இரண்டாம் பதில்: சினைப்பை என்றால் பெரும்பாலும் ஆகும்

இங்கேதான் பலர் ஆச்சரியப்படுவார்கள். ஹார்மோன் மாத்திரையால் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. 50 வயதையொட்டித் தொடங்கி ஐந்து ஆண்டுகள் எடுத்தால், ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரும் என்று 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரும் தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதை வைத்து, ‘ஏற்கெனவே வந்தவர்களுக்கு நிச்சயம் ஆகாது’ என்று முடிவுகட்டுவது இயல்பு. ஆனால் நோய் வருவதற்கு முன் இருக்கும் கணக்கும் வந்து, கட்டியோடு சினைப்பைகளும் எடுக்கப்பட்ட பின் இருக்கும் கணக்கும் ஒன்றல்ல.

பிரிட்டன், ஸ்பெயின், ஹங்கேரி நாடுகளில் 1990 முதல் 1995 வரை 150 பெண்களைச் சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. சினைப்பைப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் ஹார்மோன் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் முடிவை வெளியிட்டபோது, ஹார்மோன் எடுத்த 75 பேரில் 53 பேரும், எடுக்காத 75 பேரில் 68 பேரும் இறந்திருந்தார்கள். இது சிறிய ஆய்வு. ஹார்மோன் சினைப்பைப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கெடுதல் செய்யும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரமில்லை. எனவே, பரவலாகக் காணப்படும் ‘ஹை கிரேடு சீரஸ்’ வகை வந்த பெண், அதிலும் இளவயதுப் பெண், உபாதையால் தவித்தால் ஹார்மோன் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

விதிவிலக்குகள் உண்டு. ‘லோ கிரேடு சீரஸ்’ வகை ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளர்வது, அதற்கு லெட்ரோசோலே சிகிச்சையாகத் தரப்படுகிறது. ‘கிரானுலோசா செல்’ கட்டி தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் தன்மை கொண்டது. இவை இருந்தால் ஹார்மோன் தவிர்க்கப்படும். ‘எண்டோமெட்ரியாய்டு’ வகையில் மருத்துவர் தனியாக யோசித்தே முடிவெடுப்பார்.

மூன்றாம் பதில்: மரபணு மட்டும் இருந்தால்

ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தன்னிடம் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம் இருப்பதையும், புற்றுநோய் வருவதற்கு முன்பே இரு மார்பகங்களையும் நீக்கிக்கொண்டதையும் 2013 மே மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். அவருடைய தாய் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர். 2015 மார்ச்சில், 39 வயதில், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் நீக்கிக்கொண்டதாக எழுதினார். அந்த இரண்டாம் கட்டுரையில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு: ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டிக்கொண்டிருப்பதையும், கர்ப்பப்பைக்குள் புரொஜெஸ்டரோன் சாதனம் பொருத்தியிருப்பதையும் அவர் அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இது முரண் அல்ல. பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்கள் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளை நீக்கிக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் வரவில்லை, ஆனால் இயல்பைவிடப் பல ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் போய்விடுகிறது. அந்த இழப்பை, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஈடுகட்டுவதுதான் இங்கே நோக்கம். இந்த மரபணு உள்ள 872 பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவு, ஒட்டுமொத்தமாக மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்றது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் பத்தாண்டில் 12 சதவீதத்தினருக்கும், புரொஜெஸ்டோஜன் சேர்த்து எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும் அது வந்திருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துவிடலாமே? முடியாது. கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரக்கூடும். கர்ப்பப்பை இல்லாதவருக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே, அறுவை சிகிச்சையின்போதே கர்ப்பப்பையையும் எடுப்பதா என்ற கேள்வியை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. இன்னொன்று: மரபணு மாற்றம் உள்ளவருக்கு ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அவருக்கு முதல் பதில்தான்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நம் ஊரில் “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்று சொல்லும் பெண்களில் பலருக்கு, சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது தெரியாது. மேலே சொன்ன மூன்று பதில்களும் அந்த ஒரு விவரத்தில் மாறிவிடும். எனவே மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்ததா என்பதையும் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். சோயா, கடையில் விற்கும் ‘இயற்கை ஹார்மோன்’ மாத்திரை என்று எதை எடுத்தாலும் மறைக்காதீர்கள். சாப்பாட்டில் சேரும் சோயாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைகளைத்தான் கேட்காமல் போடக் கூடாது.

உபாதையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பொறுத்துக்கொள்வது வைத்தியம் அல்ல. அதேபோல், பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டும் உங்களுக்கான வைத்தியம் அல்ல. எவ்வளவு சிரமமாக இருந்தாலும், தமொக்சிஃபெனையோ லெட்ரோசோலையோ உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள்.

(தொடரும்)