வலியைச் சுமக்கும் நரம்பும் அதன் துணை அணுக்களும்

ஆர்.எஸ்.புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரைக் கேட்டால் சொல்வார்: செம்புக் கம்பி எளிதில் கெடாது, அதன் மேற்பூச்சு போனால்தான் மோட்டார் எரியும். நரம்புகளின் கதையும் ஏறத்தாழ இதுவே.

ஏறத்தாழ என்றதற்குக் காரணம் உண்டு. நரம்பிழையில் செய்தி, கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல் ஓடுவதில்லை. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பின்னர் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. இந்த மாற்றம் அடுத்தடுத்த இடத்துக்குத் தொற்றிச் செல்வதே நரம்புச் செய்தி. உறையற்ற இழையில் அதன் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். கை, கால் நரம்புகளில் ஷ்வான் செல்கள் என்னும் துணை அணுக்கள் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றிவிடுகின்றன. உறைகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகளில் மட்டும் செய்தி புதுப்பிக்கப்படுவதால் வேகம் நொடிக்கு 100 மீட்டர் வரை எட்டுகிறது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் நுண்ணிழைகளுக்கு இவ்வுறை மெலிது, அல்லது இல்லவே இல்லை. ஆயினும் அவையும் ஷ்வான் செல்களின் மடியில்தான் கிடக்கின்றன.

அந்த மடியில்தான் தொழுநோய்க் கிருமி குடியேறுகிறது. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த இக்கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. அதை எதிர்த்து உடல் நடத்தும் போரில் நரம்பே வீங்கி நசுங்குகிறது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்பது அன்றைய பொது நம்பிக்கை. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்த கை, செருப்பில் ஏறிய ஆணி, உறங்கும்போது விரலைக் கடித்த எலி என்று காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. வலி தெரியாததே கேடு. அதனால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்! மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதும் அவரது சாதனை.

நோய்ப்பரவல் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற நிலையை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. அதை 'ஒழிந்துவிட்டது' என்று நாம் பொருள்கொண்டது பிழை. புதிய நோயாளிகள் இன்னும் கண்டறியப்படுகிறார்கள். வார்ப்பாலையில் கை சுட்டும் முகம் சுளிக்காத தொழிலாளியை 'உரமான ஆள்' என்று பாராட்டுகிறோம். அந்தக் கையில் வெளிறிய தேமல் உள்ளதா, பஞ்சால் தொட்டால் தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதில் காலம் முக்கியம். கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. உணர்விழப்பு ஏற்பட்டு ஆறு மாதங்களுக்குள் வந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையால் நரம்பு ஓரளவேனும் மீள வாய்ப்புண்டு. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.