சென்னை – லண்டன்: தூரமும் நேரமும்

ராயபுரம், திருவொற்றியூர் வியாபாரிகளான நமக்குக் கப்பல் கணக்கு பழகிய கணக்கு. சரக்கு இறங்க இத்தனை நாள், கஸ்டம்ஸில் இத்தனை நாள், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி நிற்பது இத்தனை நேரம் என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவோம். விமானம் என்றால் மட்டும் ஏனோ கால அட்டவணையில் அச்சடித்த நேரத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். அப்படி நம்பி நான் நஷ்டப்பட்டிருக்கிறேன்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் சுமார் 8,200 கிலோமீட்டர். இது தேசப்படத்தில் ஸ்கேல் வைத்து அளந்த தூரமல்ல. பூமி உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. போகும். வகுத்துப் பார்த்தால் 9 மணி நேரம். ஆனால் இடையில் இறங்காத விமானத்துக்கே கிட்டத்தட்ட 11 மணி நேரம் பிடிக்கிறது.

ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். குறித்துக் கொடுத்த வான்வழியில்தான் போக வேண்டும். எங்காவது சண்டை மூண்டால் அந்தப் பகுதியைச் சுற்றிப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஆகவே திரும்பி வரச் சுமார் 10 மணி நேரமே. கடற்காற்றை எதிர்த்து எண்ணூர் சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கடிகாரம். லண்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. ஜனவரியில் இங்கே காலை 6 மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே பகல் 11.30க்கு இறங்கும். ஐந்தரை மணிப் பயணம் போலத் தோன்றும். அங்கே பகல் 1 மணிக்குக் கிளம்பினால் இங்கே மறுநாள் விடியற்காலை 4.30. இது பதினைந்தரை மணி போலத் தோன்றும். அசல் வித்தியாசம் ஒரு மணிதான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு, லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவருக்கு மஞ்சள் கொத்தும் வாழை இலையும் அனுப்பினேன். 13ஆம் தேதி காலை விமானம். "பகல் 12 மணிக்கு வண்டியோடு வந்துவிடுங்கள்" என்று போனில் சொல்லிவிட்டேன். விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. கார்கோ கிடங்கில் பிரித்து, தாவரச் சான்றிதழ் பார்த்து, கஸ்டம்ஸ் முடிந்து பெட்டிகள் வெளியே வந்தது 14ஆம் தேதி மாலை. பொங்கல் பொங்கியாகிவிட்டது. இலையாவது இரண்டு நாளில் விலை போனது. மஞ்சள் கொத்தை யார் கேட்பார்கள்? பாதிப் பணத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் லண்டனுக்கு விமானச் சரக்கு என்றால், கடைக்குக் கடை மூன்று முழு நாள் என்றே வாக்குக் கொடுக்கிறேன். பண்டிகைக் காலமானால் நான்கு. அதில் பறப்பது 11 மணி நேரம். திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே சில நாள் இரண்டு மணிக்கு மேல் ஆகிறது.