கேட்டால் எல்லாம் சொல்லும் யானை!

“டேட்டாபேஸ் ஸ்லோவா இருக்கு.” மென்பொருள் அலுவலகங்களில் இந்தப் புலம்பலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. எது ஸ்லோ, எப்போதிலிருந்து, எதனால் என்று விசாரித்தால் ஆளுக்கொரு ஊகம் வரும். உண்மையில் ஊகமே தேவையில்லை! டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய கணக்கைத் தானே எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. போய்க் கேட்க ஓர் ஆள்தான் வேண்டும். கண்காணிப்பு ஏஜென்ட் என்கிற அந்த ஆளை வேலைக்கு வைப்பதை இன்று கிட்டத்தில் நின்று பார்க்கப்போகிறோம். வாருங்கள், சர்வருக்குள் நுழைவோம்!

உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ். நீல நிற யானைதான் அதன் சின்னம். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வு, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறி, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. எதையும் நிறுவுவதற்கு முன்பே இந்த யானை நமக்காக ஒன்றை வைத்திருக்கிறது: ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’. இதைத் திறந்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி. எந்தப் பயனர், எங்கிருந்து வந்தார், எந்த க்வெரியை ஓட்டுகிறார், எப்போது தொடங்கினார், இப்போது எதற்காகக் காத்திருக்கிறார், எல்லாம் அப்படியே கண்முன்! முதல்முறை பார்க்கிறவர்கள் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் காட்சி மாறியிருக்கும்.

ஆனால் அது இந்த நொடியின் படம் மட்டுமே. நேற்று நடந்ததும் வேண்டுமென்றால் ‘பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்’ என்கிற எக்ஸ்டென்ஷன் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போதே ஏற்ற வேண்டிய நூலகங்களின் பட்டியலில் இதன் பெயரைச் சேர்த்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோட் போதாது. அதனால் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. பிறகு ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். ‘வாடிக்கையாளர் எண் 41’, ‘வாடிக்கையாளர் எண் 97’ என்று தனித்தனியாக வரும் க்வெரிகளின் எண்களை நீக்கிவிட்டு, ஒரே வார்ப்பாக்கி, எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கூட்டிக்கொண்டே போகும். முன்னிருப்பாக 5000 வார்ப்புகள் வரை நினைவில் வைத்திருக்கும்!

இனி ஏஜென்ட்டுக்கு ஒரு பயனர் கணக்கு. நிர்வாகியின் முழு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி_மானிட்டர்’ என்றொரு பாத்திரம் தயாராக இருக்கிறது. அதைக் கொடுத்தால் புள்ளிவிவரங்களையெல்லாம் படிக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் டேபிளுக்குள் கை வைக்க முடியாது. வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே அதிகாரம். இவ்வளவு அழகான ஏற்பாட்டைப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

இப்போது கதாநாயகன் வருகிறார்! நம் ஏஜென்ட்டான ‘போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர்’ என்கிற சின்ன நிரலைத் தொடங்கி, பிரவுசரில் 9187ஆம் போர்ட்டின் ‘மெட்ரிக்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், மழைபோல வரிகள் கொட்டுகின்றன. அதற்குள் ‘பிஜி_அப் 1’ என்ற வரியைத் தேடுங்கள். 1 என்றால் ஏஜென்ட் யானையோடு பேசிவிட்டது. 0 என்றால் கடவுச்சொல்லையும், யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் ‘பிஜி_ஹெச்பிஏ’ கோப்பையும் பாருங்கள். அந்த 1 தெரிந்ததும் கைதட்டத் தோன்றும். தட்டுங்கள்!

வந்த எண்களைச் சேர்த்து வைப்பவர் ப்ராமிதியஸ். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த மென்பொருள் இது. ஏஜென்ட் அனுப்பட்டும் என்று காத்திருக்காமல், தானே போய் எண்ணை வாங்கிக்கொண்டு வரும். நாம் ஏதும் சொல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை. 15 நொடிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். பல எண்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மின்வாரியக் கணக்கெடுப்பாளர் போன தடவை ரீடிங்கை இந்தத் தடவை ரீடிங்கிலிருந்து கழிக்கிறாரே, அதே வேலையை ‘ரேட்’ என்கிற செயற்கூறு செய்து, நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்று சொல்லிவிடும்.

அடுத்து, எண்களைப் படமாக வரையும் கிராஃபனா. 3000ஆம் போர்ட்டைத் திறந்து ப்ராமிதியஸை இணைத்து, டாஷ்போர்டை அமைத்ததும், எண்கள் கோடுகளாக எழுந்து நடக்கத் தொடங்குகின்றன! நெஞ்சு படபடக்கும் இடம் இதுதான். காலையில் ஊழியர்கள் வேலையைத் தொடங்கும்போது ஒரு ஏற்றம், நள்ளிரவு பேக்கப் ஓடும்போது ஒரு மேடு. அந்த நிறுவனத்தின் அன்றாடமே கோடாக ஓடுகிறது.

எந்தக் கோட்டை முதலில் பார்ப்பது? நான் கைகாட்டுவது ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’. பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு, முடிக்காமல் சும்மா நிற்கும் இணைப்புகள் இவை. சத்தமே போடாமல் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் காக்க வைக்கும். அடுத்தது செத்த வரிகள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழையது உடனே அழியாது. புதியது தனியாக எழுதப்படும். பழையதைப் பெருக்கித் தள்ளுவது ஆட்டோவேக்யூம். முன்னிருப்பு அமைப்பில், டேபிளின் 20 சதவீதமும் கூடுதலாக 50 வரிகளும் செத்த பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். 1 கோடி வரியுள்ள டேபிளில் சுமார் 20 லட்சம் செத்த வரிகள் சேரும்வரை யாரும் துடைப்பத்தை எடுப்பதில்லை! கோட்டைப் பார்த்தால்தான் இந்த அளவைக் குறைக்க வேண்டுமா என்பது தெரியும்.

இன்னொரு ரகசியம்: எந்த க்வெரி அதிக நேரம் தின்கிறது என்று ‘பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்’ தரும் பட்டியலில் ஏஜென்ட்டின் சொந்தக் க்வெரிகளும் இடம்பெற்றிருக்கும். பார்க்கிறவரையும் விடாமல் கணக்கில் எழுதுகிறது யானை! அந்தக் க்வெரிகள் மேலே ஏறினால், கேட்கும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

இனி பட்டியலின் உச்சிக்குப் போவோம். அங்கே பெரும்பாலும் நிமிடக்கணக்கில் ஓடும் பூதாகரமான அறிக்கை இருக்காது. சில மில்லிநொடிகளில் முடிந்து, நாளெல்லாம் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சின்னஞ்சிறு க்வெரி இருக்கும். யாரும் சந்தேகிக்காத ஆள்! அது தேடும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இல்லையென்றால், ‘கன்கரண்ட்லி’ என்று சேர்த்து ஒன்றை உருவாக்குங்கள். டேபிளில் எழுதுகிறவர்கள் நிற்க வேண்டியதில்லை. காரணம் அதுதான் என்றால், கிராஃபனாவில் அந்த க்வெரியின் கோடு உங்கள் கண்ணெதிரே சரிந்து விழும்! “ஸ்லோவா இருக்கு” என்று வந்தவருக்கு இனி ஊகம் சொல்ல வேண்டாம். எந்த க்வெரி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எப்போது சரியானது என்று படத்தோடு காட்டலாம்.