பழைய மோட்டார் சைக்கிளும் காபரேற்றர் கற்பிக்கும் பாடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய மோட்டார் வண்டியைப் பேணுதல் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்காக இங்குள்ள கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவையும் மணமக்களை ஏற்றிவந்தவையும் அவ்வண்டிகளே.

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்போர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. வர்ணம் புதிது, சக்கரம் புதிது. ஆயினும் எஞ்சின் இடறுகின்றது என்பர். உடனே பழி காபரேற்றரின்மேல் விழும். திருகாணிகள் இங்குமங்கும் திருகப்படும். குறையோ தீர்வதில்லை. இதன் காரணத்தை ஆராய்வோம்.

பெற்றோலையும் காற்றையும் அளவறிந்து கலப்பதே காபரேற்றரின் கடமை. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறைப்படி ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒடுங்கிய வழியிலே காற்று விரைந்து செல்லும்போது அங்கு அமுக்கம் குறைகின்றது. அப்பொழுது வெளிக்காற்றின் அமுக்கம் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோலை ஜெட் எனப்படும் நுண்துவாரத்தின் வழியே மேலே தள்ளுகின்றது. பேணூயி 1738இல் வெளியிட்ட நூலிலே விளக்கிய தத்துவமே இங்கும் தொழிற்படுகின்றது.

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ பெரும்பாலும் 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். ஆதலின் நம்மவர் சிறிது பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இங்கிலாந்திலே 1949இல் வெளிவந்த ஒருவகைப் பேர்குசன் உழவு இயந்திரத்திலும் இம்முறையே கையாளப்பட்டது. ஆவியாகாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிளக்கிலே கரியாகப் படிந்தது. உருளைச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்தது. அவ்வேளை காபரேற்றரை எவ்வளவு திருகினாலும் பயனில்லை; குறை வெப்பத்தில் இருந்தது. காபரேற்றர் அளந்து கொடுக்கும் கருவி மாத்திரமே என்பதை அக்காலம் நன்கு உணர்த்திற்று.

ஆகவே பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலாவதாக, காபரேற்றரைத் தொடுமுன் தீப்பொறி பிறக்கும் நேரத்தையும் வால்வுகளின் இடைவெளியையும் சரிபார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, காபரேற்றர் எஞ்சினோடு பொருந்தும் விளிம்பை நோக்குக. ஆணிகளை மிகையாக இறுக்கினால் அவ்விளிம்பு வளைந்து, இடுக்கினூடே காற்றுப் புகும். எஞ்சின் நின்றபடி இயங்கும்போது வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறும். கழற்றி ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வைத்தால் வளைவு புலப்பட்டுவிடும். மூன்றாவதாக, மிதவையைப் பார்க்க. கிண்ணத்திலே பெற்றோலின் மட்டம் உயர்ந்தால் கலவை செறியும், பெற்றோல் வழியவுங் கூடும். தாழ்ந்தால் வேகமாக ஓடும்போது எஞ்சின் பட்டினி கிடக்கும்.

நான்காவதாக, துவாரங்களை நோக்குக. நெடுநாள் தேங்கிய பெற்றோல் பிசினாக இறுகும். நமது கடற்காற்றினால் காபரேற்றரின் உலோகத்திலே வெண்பொடி பூத்து வழிகளை அடைக்கும். இவற்றைக் கழுவிக் காற்றூதிச் சுத்தஞ் செய்ய வேண்டுமேயன்றிக் கம்பியாற் குத்தலாகாது. பி.எஸ்.ஏ., நோர்ட்டன் முதலிய வண்டிகளுக்குப் பொருத்தப்பட்ட அமல் காபரேற்றரிலே, ஜெட்டில் பொறித்த இலக்கம் நிமிடத்திற்கு எத்தனை கன சென்றிமீற்றர் பெற்றோல் பாயும் என்பதைக் குறிக்கும். கம்பி ஒருமுறை புகுந்து துவாரத்தை அகட்டிவிட்டால் அவ்விலக்கம் பொய்த்துவிடும்.

இவையெல்லாம் செம்மையான பின்னரே திருகாணிக்கு முறை வரும். அமல் காபரேற்றரிலே வேகப்பிடியின் முதல் எட்டிலொரு பங்குவரை சிறு ஜெட்டும் அதன் காற்றுத் திருகாணியும் ஆளும். காற்பங்குவரை ஏறியிறங்கும் அடைப்பின் வெட்டு ஆளும். முக்காற்பங்குவரை ஊசி ஆளும். அதற்குமேல் பிரதான ஜெட் ஆளும். வேகப்பிடியிலே வெண்கட்டியால் இப்பங்குகளைக் குறித்துக்கொண்டு ஓடிப் பார்த்தால், எஞ்சின் எவ்விடத்தில் இடறுகின்றதோ அவ்விடத்திற்குரிய உறுப்பே திருத்தத்தக்கது என்பது விளங்கும். காற்றுத் திருகாணியை மெதுவாக முற்றும் உள்ளே திருகி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம்; எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே நுணுக்கமாகத் திருத்த வேண்டும். உள்ளே திருகினால் கலவை செறியும், வெளியே திருகினால் மெலியும். வேறு சில காபரேற்றர்களிலே திருகாணி காற்றையன்றிப் பெற்றோலை அளப்பதால், அங்கு விதி நேர்மாறாகும்.

இறுதிச் சாட்சி பிளக். அதன் வெண்களிமண் பகுதி மண்ணிறமாக இருந்தால் கலவை செம்மை, கரி படிந்திருந்தால் செறிவு, வெளிறியிருந்தால் மெலிவு. மெலிந்த கலவையை அலட்சியஞ் செய்தல் ஆபத்து. எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டன் பழுதாகவுங் கூடும்.

மாணவர்கள் இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதையும் விளைந்ததையும் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருங்கே மாற்றியவனுக்கு வண்டி திருந்தினாலும் காரணம் தெரியாது. பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் விதியும் இதுவே.

இன்று புதிய வண்டிகள் பலவற்றிலே காபரேற்றருக்குப் பதிலாக மின்னணுக் கருவியே பெற்றோலை அளக்கின்றது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிக் காட்டிய கராச்சுத் தொழிலாளர்கள் முதுமை எய்திவிட்டனர். எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயறிந்த அவர்களது அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கின்றது. 2022இல் எரிபொருளுக்காக நாடெங்கும் நெடுவரிசைகள் நின்றதைக் கண்ட நாம், அவ்வறிவு இனித் தேவைப்படாதென்று கருத இயலாது. உங்கள் ஊரிலும் அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின், ஒரு குறிப்பேட்டுடன் அவரிடஞ் செல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிவைத்தல் பழைய வண்டியைப் புதுப்பிப்பதினும் பெரிய தொண்டாகும்.