இரண்டு நாள் வேலை, ஒரு சொட்டு எண்ணெய்

நான் 1980-களில் புனேயில் வேலைக்குச் சேர்ந்தபோது, கச்சா எண்ணெய் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு நாளாவது ஆகும். அதை வடித்துப் பிரித்துப் பார்க்கக் கண்ணாடிக் கருவி வேண்டும்; நல்ல கண்ணாடி வேலை தெரிந்த ஊர் புனே. 1950 ஜனவரி 3-இல் நேரு திறந்துவைத்த தேசிய வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடி ஊதுவதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது.

ஐந்து லிட்டர் குடுவை. அதன்மேல் ஆளுயரக் கண்ணாடிக் குழாய். சூடு வெளியே போகாமலிருக்க வெள்ளி பூசிய வெற்றிட உறை. உச்சிக்கு ஏறிய ஆவி குளிர்ந்து சொட்டும்போது ஐந்து பங்கைக் கீழேயே திருப்பி அனுப்பி, ஒரு பங்கை மட்டும் எடுப்போம். அந்தப் பொறுமையில்தான் பிரிப்பு சுத்தமாகும். முதலில் தண்ணீர்போல் நாப்தா, பிறகு மண்ணெண்ணெய், பிறகு இளமஞ்சளாக டீசல். குடுவையின் சூடு 310 டிகிரியைத் தாண்டினால் எண்ணெயே சிதைந்துவிடும். அதனால் பம்ப் போட்டு அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கனமான பாகத்தைக் கொதிக்க வைப்போம். ராத்திரி முழுக்க ஒருவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை நான் தண்ணீரைச் சரியாக நீக்காமல் அடுப்பைப் போட்டுவிட்டேன். குடுவை குலுங்கிப் பொங்கி, கறுப்பு எண்ணெய் குழாயின் உச்சிவரை ஏறிவிட்டது. கழுவவே ஒரு வாரம்.

1855-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் சில்லிமன் பாறை எண்ணெயை இப்படித்தான் வடித்துப் பார்த்து, அதில் விளக்கெரிக்க எண்ணெய் இருக்கிறது என்றார். நான்கு ஆண்டில் டிரேக் என்பவரின் எண்ணெய்க் கிணறு வந்தது.

இன்று கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்கு ஒரு சொட்டு போதும். ஒரு மணி நேரத்துக்குள், 720 டிகிரி வரைக்குமான கொதிநிலைக் கோட்டைத் திரையில் வரைந்து தருகிறது. தேவையும் மாறிவிட்டது. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஈரான் எண்ணெயை நம்பித் தொடங்கியது. இப்போது நாட்டின் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் ஏராளம். ஒவ்வொரு வகையையும் வாங்குமுன் விரைவாக அறிந்தாக வேண்டும்.

ஆனால் அந்தக் கொதிநிலைக் கோடு எத்தனை பங்கு டீசல் என்று சொல்லுமே தவிர, டீசலைக் கையில் தராது. அதில் கந்தகம் எவ்வளவு, குளிரில் எப்போது உறையும் என்று பார்க்க எண்ணெய் வேண்டும். அதற்குப் பழைய வடிப்பு இன்னும் தேவை. ஆனால் அதிலும் இன்று கணினியே அழுத்தத்தைக் குறைக்கிறது, புட்டிகளை மாற்றுகிறது. ராத்திரி யாரும் விழித்திருப்பதில்லை. ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.